சுள்ளியின் சத்தம்

மார்ச் 3

நேற்று தம்பி மகள் தெஸ்பினாவின் நிச்சயதார்த்தம். பாதி ஆட்டத்தில் மேடைக்குக் கரண்ட் போய்விட்டது.

சத்தம் அளவை மீறினால் அந்த ஹாலில் சிவப்பு விளக்கு எரியும், கவனிக்காவிட்டால் தானே கரண்டை நிறுத்திவிடும். பக்கத்தில் அடுக்குமாடி வந்ததிலிருந்து இந்தக் கூத்து. அதனால்தான் எங்கள் ஊர்க் கல்யாண மேளமான நிஜத் தாபானை வீட்டில் வைத்துவிட்டு எலெக்ட்ரானிக் டிரம்முக்கு மாறினேன். இதிலும் போனால் என்ன செய்ய? கைகோத்து ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். தெஸ்பினா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீபோர்டிலிருந்து என் தம்பி பிளாகோய என்னைப் பார்த்தான். நான் டிராயனைப் பார்த்தேன். கிளாரினெட்டை மைக்குக்குள் விட்டு ஊதினால் வேறென்ன ஆகும்!

என் கவலை வேறு. தாபானுக்கு இரண்டு குரல். வலக்கைத் தடி அடிக்கும் ‘தும்’, இடக்கைச் சுள்ளி அடிக்கும் ‘சட்’. ஆடுகிறவர்கள் கால் வைப்பது சுள்ளியை நம்பித்தான். அந்தச் சுள்ளிதான் நேற்றும் எடுபடவில்லை. எவ்வளவு ஏற்றினாலும் பஞ்சில் அடித்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 6

நாள் முழுக்க கராஜில். தடி அருமையாக அமைந்துவிட்டது. சுருதியை இறக்கி, அடிக்குப் பின் இழுக்கும் சத்தத்தின் வாலைக் கொஞ்சம் நறுக்கினேன். நாற்காலிக்கே அதிர்வு வருகிறது.

சுள்ளிதான் படுத்துகிறது. டிரம்மோடு வந்த ஒலிப்பெட்டியில் இருக்கிற மரச் சத்தம், விளிம்புச் சத்தம் எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். டிரெபிளைக் கடைசி வரை திருப்பினேன். இப்போதுதான் லேசாகத் தலைகாட்டுகிறது.

உள்ளே போனால் என் புருஷன் இல்கோ டிவியை முணுமுணுப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரும்பாலை அவன் காதைத் தின்று பல வருடம் ஆகிறது, படம் மட்டும்தான் பார்க்கிறான் போல. காது மிஷின் வாங்கிக்கொள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

மார்ச் 19

நோன்பு தொடங்கியாயிற்று. மே தொடக்கத்தில் வரும் எங்கள் ஈஸ்டர் வரை கல்யாணம் இல்லை, கச்சேரி இல்லை. வெள்ளை பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தபோது பிளாகோய வந்தான். உட்காரவில்லை.

“அக்கா, கோவிச்சுக்காத. மே மாசம் கல்யாணத்துக்குத் தாபானை நான் கீபோர்டுலயே போட்டுக்கறேன். ரெடிமேடா இருக்கு. நீ அத்தையா வந்து முன்வரிசையில உக்காரு.”

“ஏன்?”

“உன் சுள்ளி சத்தம், அக்கா… மண்டையில ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. அன்னிக்குக் கரண்ட் போனதும் அதாலதான். டிராயன் ரெண்டு கச்சேரியா காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் ஊதறான்.”

பஞ்சாம்! எனக்கே கேட்காத சுள்ளி இவர்களுக்கு ஆணியாம். நாற்பது வருடம் அடித்த கைக்கு, பொத்தானை அமுக்கினால் பாடும் மேளம் பதிலா? அவன் கல்யாணத்துக்கு அடித்தது யார்? தெஸ்பினா ஞானஸ்நானத்துக்கு அடித்தது யார்? அவள் கல்யாணத்துக்கு நான் கைகட்டி உட்காரணுமா? போடா.

ஈஸ்டர் முடிந்ததும் வந்து கேள், பிடிக்கவில்லை என்றால் நானே எழுந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 20

கராஜ் பக்கமே போகவில்லை.

ஏப்ரல் 6

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

டிரம் வாங்கிய புதிதில் நானே அமைத்துப் பெட்டியில் சேமித்த சத்தங்கள் இருக்கின்றன. அப்போது பிளாகோய மெச்சியவை. அதிலிருந்தே தொடங்கலாம் என்று ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். தடி இருந்தது. சுள்ளி இல்லை. சுத்தமாக இல்லை. டிரம் பேடைத் தட்டினேன், ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துத் திட்டிக்கொண்டே அடித்தேன்.

இல்கோ ஸ்பேனர் எடுக்க வந்தவன் கதவிலேயே நின்றான்.

“அப்பாடா! இப்பதான் சுள்ளி சுள்ளியா கேக்குது. போன மாசம் பூரா பல்லு கூசிச்சு.”

“எந்தச் சுள்ளி?”

“இதோ, இப்ப அடிச்சியே.”

மறுபடி அடித்தேன். என் கையில் அடி விழுந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. அவன் அந்த அடிக்குச் சரியாகக் கண் சிமிட்டினான்.

அப்போ காது போனது அவனுக்கு இல்லையா. எனக்கா? எனக்கா?

ஏப்ரல் 11

வொல்லாங்காங் நகரத்தில் காது பரிசோதனை. சத்தம் கேட்டதும் பொத்தானை அமுக்கச் சொன்னாள், பரிசோதிக்கிற பெண். முதலில் அமுக்கினேன். பிறகு கண்ணாடிக்கு அப்பால் அவள் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது, நான் பொத்தானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தடி மாதிரிக் கீழ்ச் சத்தம் எல்லாம் நன்றாகக் கேட்கிறதாம். சுள்ளி மாதிரி மேல் சத்தம் போய்விட்டது, திரும்பாது. மேளத்தை இத்தனை வருடம் காதுக்குப் பக்கத்தில் வைத்ததன் பலன். மிஷின் வைத்தால் பேச்சு புரியும், இசை பழையபடி இருக்காது என்றாள்.

காரில் இல்கோவைப் பிடித்துக்கொண்டேன்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“ரெண்டு வருஷமா சந்தேகம். டிவியை நீ ஏத்துவ, நான் குறைப்பேன்.”

“ஊரெல்லாம் உன்னைச் செவிடுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனேடா! வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“ஆலையில நான் காதடைப்பு வச்சுத்தான் வேலை பார்த்தேன், லுப்கா. உன்கிட்ட சொன்னா டிரம்மை வித்துடுவ. நீ கராஜ்ல தட்டாத வீட்ல நான் என்ன பண்றது?”

கோபம் அடங்கவில்லை. அழுகையும் வந்தது. அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

ஏப்ரல் 27

இல்கோவைக் கராஜில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சங்கீதத்தில் அவனுக்கு ஒரு எழுத்து தெரியாது. நான் பெட்டியைத் திருக, அவன் தீர்ப்பு சொன்னான்.

“தகர டப்பா.” திருகினேன். “ஈர விறகு.” திருகினேன். “இது யாரோ கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருக்கு.” திருகினேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: “இது நம்ம தாபான்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

சேமித்தேன். என்ன சேமித்தேன் என்று எனக்கே தெரியாது.

மே 8

பிளாகோய வந்து உட்கார்ந்து கேட்டான். நான்கு ஆட்டம் அடித்தேன். “இவ்வளவு நாள் இதை எங்க வச்சிருந்தக்கா?” என்று சிரித்தான். காது போனதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

கீபோர்டு மூடியைத் தடவிக்கொண்டு நின்றான். “கேக்கலன்னா எப்படிக்கா அடிப்ப? நடுவுல தப்பினா?”

“தடி கேக்குது. சுள்ளி கைக்குத் தெரியும். தப்பினா அன்னிக்கே எழுந்துடறேன்.”

“என் பொண்ணு கல்யாணம்க்கா.”

“எனக்கும் அவ பொண்ணுதான்டா.”

மே 19

நேற்று அடித்தேன்.

கதவோர மேசையில் இல்கோ. சுள்ளி தூக்கலானால் காலரைத் தொட வேண்டும் என்று ஏற்பாடு. ஆட்டத்துக்கு ஆட்டம் அவன் காலரையே பார்த்தேன். சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

ஏழு அடித் தாளத்து ஆட்டம் வந்தது. தெஸ்பினா கைக்குட்டையைச் சுழற்றி முன்னால் நின்றாள். பிறகு அந்தப் பெண் செய்த வேலை! நேரே மேசைக்குப் போய், “எழுந்திரிங்க மாமா” என்று இல்கோவை இழுத்து வரிசையில் சேர்த்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஆடாத மனுஷன். இரண்டு கையும் பக்கத்து ஆட்களிடம். இனி காலரை எப்படித் தொடுவான்? பிளாகோய திரும்பிப் பார்த்தான். என் கை நிற்கவில்லை.

வேறு வழியில்லாமல் இல்கோவின் கால்களைப் பார்த்தேன். ஒரு சுற்று தடுமாறினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். அப்புறம் கால் வைத்தான். நான் கேட்காத சுள்ளி எங்கே விழுந்ததோ, அங்கேயே அவன் கால் விழுந்தது. ஒவ்வொரு தடவையும்.

அடித்துக்கொண்டே அழுதேன். டிராயன் பார்த்தான், பார்க்கட்டும்.

மே 20

இல்கோவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஐஸ் வைத்தேன். வியாழக்கிழமை காது மிஷின் வாங்கப் போகிறோம். எனக்கு.