ஒயின் பிடிக்காத மனைவி

அன்புள்ள பொனாரியா,

நீயும் அம்மாவும் நலந்தானே? அம்மாவுக்கு இருமல் நின்றதா? இந்த வடக்குப் பியெமோந்தெ குளிர் எனக்குப் பழகிவிட்டது.

நேற்று எங்கள் ஒயின் நிலவறையில், சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்குச் சின்ன விருந்து. நானே சமைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்ற ஒயினை ஊற்றி விளக்கினேன். முயல்கறி பரிமாறும்போது ஒரு பெண்மணி கேட்டார்: “உங்க வீட்டம்மாவுக்கு எந்த ஒயின் பிடிக்கும்?”

“அவளுக்கு ஒயினே ஆகாதுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். “அப்புறம் உங்களோட எப்படித்தான் காலம் தள்ளுறாங்க?”

“அவ கடலுக்கு அந்தப் பக்கம் சார்தீனியாவுல, நான் இங்க. அதனால சண்டையே இல்ல.”

வேடிக்கையாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த கோப்பையில் ஊற்றப் புட்டியை எடுத்தேன்.

முதலாளியம்மா கிளெலியா என் கையிலிருந்த புட்டியை வாங்கிக்கொண்டார். “மிச்சத்த நான் ஊத்துறேன். நீ ஊருக்குப் போயிட்டு வா, எஃபிசியோ.”

சனிக்கிழமை கப்பலேறுகிறேன். என் கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டு வை. துறைமுகத்தில் காற்று அதிகம், நீ வரவேண்டாம். வந்தால் கோபிக்க மாட்டேன்.

அவசரத்தில்,
உன் எஃபிசியோ