டாக்டரிடம் வள்ளி கேட்டது

கார்த்திகை 12, வெள்ளி.

கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கும் ஆசையில் இன்று விழுப்புரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்தே தெரியும் லென்ஸை ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர். நான் தலையாட்டுவதற்குள் என் மனைவி வள்ளி குறுக்கிட்டாள்.

“நைட்ல எதிர் வண்டி லைட்டு எப்டிங்க தெரியும்? இவரு திண்டிவனம் கடைசி பஸ்ஸு ஓட்டிக்கினு இருக்காரு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சிலருக்கு லைட்டைச் சுத்தி வளையம் தெரியும்மா. நல்லா கேட்டீங்க. இவருக்குப் படிக்கிற கண்ணாடியே போதும்.”

ஓட்டுகிற எனக்கே தோன்றாத கேள்வி. அசந்துபோனேன். வெளியே வந்ததும், “உனக்கு எப்படித் தோணிச்சு?” என்றேன்.

“நீங்க வூடு வந்து சேர்ற வரைக்கும் தெனம் முழிச்சிக்கினு படுத்திருக்கறவளுக்குத் தோணாதா?”

இத்தனை வருஷமும் அவள் தூங்கிவிடுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.