இரண்டு மாப்பிள்ளைக் கோட்டு

டிசம்பர் 6, சனி. சத்வா, துபாய்.

கனடாவிலிருந்து ஜெயன் எங்கள் தையல் கடைக்கு வந்திருந்தான். முன்பு என்னோடும் முருகனோடும் ஒரே ரூமில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரன். தன் கல்யாணத்துக்கு இரண்டு கோட்டு தைக்க வேண்டும் என்றான். மாப்பிள்ளைக் கோட்டுக்குத் தனிப் பட்டன் வைப்பதால் வழக்கம்போலக் கேட்டேன்.

"இதுல மாப்பிள்ளை யாரு?"

"ரெண்டு பேரும்தான் அண்ணை."

முருகன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கேன்ணே. இதை நான் வெட்ட மாட்டேன்."

கடையில் துணி வெட்டுவது அவன் ஒருவன்தான். கனடாவில் இப்படி மறுத்தால் சட்டம் கேட்கும். இங்கே யார் கேட்பது? அவன் சாமியை நான் எப்படிக் குறை சொல்வது? இருந்தும் எரிச்சலில் கத்திவிட்டேன்.

ஜெயன்தான் என் கையைப் பிடித்தான். "விடுங்கோ அண்ணை. அவர் விரதத்தில இருக்கிறார்."

இன்னும் தூக்கம் வரவில்லை. அந்த ரூமில் இருந்தபோது, லீவு நாளான வெள்ளிக்கிழமை என்றால் ஜெயன் வைக்கும் மீன் குழம்பு மாடிப்படி வரை மணக்கும். முருகன் முதன்முதலாக மாலை போட்ட வருஷம், அன்றைக்கும் ஜெயன் 'அவர் விரதத்தில இருக்கிறார்' என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டு மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். முருகன் மாலையைக் கழற்றும் வரை அதை நிமிர்த்தவில்லை.