இரண்டு பக்கப் பலகை

4-3-1969
படி வரப்போகிறது! டி.பி. வார்டில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கு மாதம் பதினைந்து ரூபாய் கூடுதலாகத் தர உத்தரவாம். ஆசியா பீவியும் நானும் ஊசி வேகவைக்கும் அறையில் கைகோர்த்து ஒரு சுற்று சுற்றினோம். ஐந்து வருஷமாக இந்த இருமலுக்கு நடுவே நிற்கிறோம். அதை யாரோ கவனித்திருக்கிறார்கள். அதுதான் சந்தோஷம்.

7-3
போச்சு! ஹெட் கிளார்க் சேதுபதி மனுவைத் திருப்பிவிட்டார். "நம்ம ஆஸ்பத்திரியில டி.பி. வார்டே இல்லையேம்மா. போர்டுல 'நெஞ்சு வார்டு'ன்னுல்ல இருக்கு? சரிபார்க்க மதுரை ஆபீசர் வந்தா நான் என்னத்தைக் காட்டுறது?"

அந்தப் பெயரை வைக்கச் சொன்னதே நான்தான். டி.பி. என்று பார்த்ததும் வாசலோடு திரும்பிப் போகிறார்களே என்று பெரிய டாக்டரிடம் கெஞ்சி மாற்றினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன்.

8-3
பழைய பெயரையே எழுதட்டுமா என்று நோயாளிகளைக் கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள், மீனம்மாள் ஆச்சியைத் தவிர. ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மகளுக்கு நாட்டரசன்கோட்டையில பேசியிருக்கோம். நெஞ்சுச் சளின்னு சொல்லி வச்சிருக்கேன். கெடுத்துப்புடாதீக, நர்சம்மா."

11-3
தச்சு வேலை பார்க்கும் என் அண்ணன் காளிதாஸ் சரியான மூளைக்காரன். பலகையின் ஒரு பக்கம் நெஞ்சு, மறு பக்கம் டி.பி. "ஆபீசர் வந்தா அங்குட்டு, சம்பந்தி வந்தா இங்குட்டு. திருப்பிக்க, நீலாயதாட்சி!"

19-3
ஆபீசர் வரவில்லை. பலகையைத் திருப்பித் திருப்பிப் பழகியதுதான் மிச்சம்.

26-3
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தால்? அண்ணன் புத்திக்கும் என் புத்திக்கும் எட்டவில்லையே அது!

சம்பந்தியாகப் போகிற பிச்சையம்மாள் ஆச்சி கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் நெஞ்சு. வாசலில் ஆபீசர். "டி.பி. வார்டு எது?"

ஆசியா பீவி கூரையைப் பார்த்தாள். சரி, படி போனால் போகட்டும் — "இங்கே அப்படி ஒண்ணும்..." என்று இழுத்தேன்.

மீனம்மாள் ஆச்சி எழுந்து உட்கார்ந்தார்கள். "இதுதான்யா அது. எனக்கு டி.பி.தான். எட்டு மாசமா இந்தப் புள்ளைக முகஞ்சுளிக்காமப் பார்த்திருக்காக. எழுதிக்கிடுங்க."

ஆபீசர் எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிச்சையம்மாள் ஆச்சி பழத்தைக் கீழே வைத்தார்கள்.

"இதையா ஒளிச்சு வச்சீக? எனக்கும் வந்து போச்சு. மதுரையில ஆறு மாசம் கெடந்தேன். ஊருக்கு மூட்டு வலின்னு சொன்னேன்."

பிறகு இரண்டு ஆச்சிகளும் சிரித்தார்கள் பார், இருமல் வரும்வரை!

2-5
படி வந்தது. பலகையை டி.பி. பக்கமாக ஆணி அடித்துவிட்டோம். புதிதாக வந்த ஒருவர் அதைப் பார்த்து வாசலில் தயங்கினார். மீனம்மாள் ஆச்சியே போய் உள்ளே கூட்டிவந்தார்கள்.

8-6
ஆச்சி மகள் கல்யாணம். குணமாகி வீடு போன பிறகு இன்றுதான் ஆச்சியைப் பார்க்கிறேன். நன்றாகச் சதை போட்டிருக்கிறார்கள். என்னையும் ஆசியா பீவியையும் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம், பந்தி முழுக்கக் கேட்கும்படி ஒரே பதில்:

"எங்க டி.பி. வார்டு நர்சம்மா!"