பக்கத்தில் வந்து நிற்பவர்கள்

டத்தோ கிராமாட், பினாங்கு
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் ஐனா நன்றாக இருக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஏழு மாதம், நன்றாக உதைக்கிறது. என்னைப் பற்றி அப்படி எழுத வரவில்லை. கப்பலில் இருக்கும் உங்களுக்குப் போன் எட்டாது. ஐனா தூங்கிய பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் உங்களிடம் பேச முடிகிறது.

பெருநாள் முடிந்து ஒரு வாரமாக வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்கள் பெரியம்மா சலாமுக்குக் கை நீட்டினார்களாம், நான் அந்தக் கையைத் தொடாமல் போய்விட்டேனாம். மச்சான், யாரும் கை நீட்டவில்லை. நான் நேராகப் போய் உங்கள் அம்மாவுக்குச் சலாம் கொடுத்தேன், அவ்வளவுதான். கதவோரம் பெரியம்மா உட்கார்ந்திருந்ததாகவே எனக்கு நினைவில்லை. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ?

மாமி இப்போதெல்லாம் பூனை மாதிரி நடக்கிறார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், திடீரென்று தோளுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ, எதற்கு நிற்கிறார்களோ. மேசையில் என் கைப்பக்கம் வைத்த மைலோ கிளாஸ் காணாமல் போகிறது, பிறகு உடைந்து தரையில் கிடக்கிறது. "நீதான் புள்ள தட்டிவிட்டே" என்கிறார்கள். நான் தொடவே இல்லை.

தலைவலி விடவில்லை. கிளினிக்கில் பிரஷர் சரியாக இருக்கிறது என்று பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

உங்கள்,
அஃப்ரீன்

~

கப்பலிலிருந்து
9 ஏப்ரல், புதன்

அஃப்ரீன்,

வ அலைக்கும் சலாம். ஐனாவுக்கு என் முத்தம்.

உன் மெயில் வருவதற்கு முந்தின நாளே அம்மாவிடமிருந்து ஒன்று வந்தது. பெரியம்மாவின் கை அந்தரத்திலேயே நின்றதாம், பார்த்தவர்கள் எல்லாம் தலை குனிந்தார்களாம். அம்மா பொய் சொல்கிறவர்கள் இல்லை. நீயும் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஐனா பிறக்கும்போதும் ஏழாம் மாதத்தில்தான் உனக்கு அம்மாவோடு ஒத்துப்போகவில்லை, தாசேக் கெலுகோரில் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். இந்தத் தலைவலியும் அங்கே போவதற்கான சாக்குதானா? போகணும்னா போகணும்னு சொல்லிட்டுப் போலாமே லா. எதற்கு என் அம்மாவைக் கெட்டவர்கள் ஆக்குகிறாய்?

மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

ஹஸ்ருல்

~

டத்தோ கிராமாட்
14 ஏப்ரல், திங்கள்

மச்சான்,

சாக்கு என்று எழுதிவிட்டீர்கள். சரி, சாக்காகவே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மதியம் ஐனாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டி எங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறேன். நானே காரை ஓட்டிப் போவேன். யாரிடமும் கெஞ்சப் போவதில்லை.

போவதற்கு முன் இதையும் கேளுங்கள். மாமி பூந்தொட்டிகளைக் கேட் ஓரத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறார்கள். நேற்றுத் தொட்டிக்கு விலகிக் காரை வெளியே எடுத்தபோது இடதுபக்கக் கண்ணாடி கேட் தூணில் இடித்து நொறுங்கியது. தொட்டி போன வருஷத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறது என்று சாதிக்கிறார்கள். சனிக்கிழமை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனோம். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் ஐனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். வலதுபக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் முளைத்த மாதிரி வந்து எங்களை உரசிக்கொண்டு போனது. "கண்ணு எங்கேக்கா வச்சிருக்கீங்க?" என்று அந்தப் பையன் திட்டினான். என் இரண்டு தோளிலும் கதவில் இடித்த கன்றல். இந்த வீட்டில் கதவுகூட எனக்கு எதிராகத்தான் நிற்கிறது.

இன்று காலை வாந்தி எடுத்தேன். பித்தம் என்றார்கள் மாமி. அவர்கள் கொடுத்த இஞ்சித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றிவிட்டேன். அதில் என்ன கலந்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அஃப்ரீன்

~

கப்பலிலிருந்து
15 ஏப்ரல், செவ்வாய்

அஃப்ரீன்,

முழுவதும் படி. படித்து முடிக்கும் வரை எழுந்திருக்காதே.

கப்பலில் வாட்ச் டூட்டியில் நின்று கடலைக் கண்காணிக்கிறவன், எதைப் பார்த்தாலும் அது எந்தப் பக்கம் தெரிந்தது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்னால், இடது, வலது. பதினொரு வருஷப் பழக்கம். நேற்று ராத்திரி வாட்சில் உன் இரண்டு மெயிலையும் மனசுக்குள் அப்படியே வரிசைப்படுத்தினேன். பெரியம்மா கதவோரம். அம்மா தோளுக்குப் பக்கம். கிளாஸ் கைப்பக்கம். தூண் இடது. மோட்டார் சைக்கிள் வலது. முன்னால் நடந்தது என்று ஒன்றுகூட இல்லை.

செகண்ட் ஆபிசர் குணாளன் அண்ணன்தான் எங்கள் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பு. அவரை எழுப்பினேன். கரையில் இருக்கும் டாக்டரிடம், மருத்துவ அவசரத்துக்கு மட்டும் இருக்கும் சாட்டிலைட் போனில் கேட்டார். ஏழு மாதக் கர்ப்பம், விடாத தலைவலி, வாந்தி, இரண்டு பக்கமும் பார்வை இல்லை என்றதும் டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியாக இருக்கலாம், இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

நம்பாவிட்டால் சோதித்துப் பார். அம்மாவை எதிரே உட்கார வைத்து அவர்கள் மூக்கையே பார். ஆளுக்கு ஆள் குத்தம் சொல்லாமல் ஒரு நிமிஷம் உட்காருங்கள். அவர்கள் இரண்டு கையிலும் கரண்டியைப் பக்கவாட்டில் தூக்கட்டும். எப்போது தெரிகிறது என்று சொல்.

கார் சாவியை எடுத்து ஒளித்து வைக்கச் சொல்லி அம்மாவுக்கு முதலில் எழுதிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தை என்மேல் வை. காரைத் தொடாதே.

ஹஸ்ருல்

~

ஆஸ்பத்திரி, ஜார்ஜ் டவுன்
30 ஏப்ரல், புதன்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அம்மா மெயிலில் சொன்னதெல்லாம் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். என் வாயால் ஒரு முறை கேளுங்கள்.

உங்கள் மெயிலைப் படிப்பதற்கு முன்பே சாவி காணாமல் போயிருந்தது. கேட்டேன். "என் இடுப்புலதான் இருக்கு, தரமாட்டேன்" என்றார்கள் மாமி. பிறகு மெயிலைப் படித்தேன். அப்போதும் நம்பவில்லை. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து எழுதியது என்றுதான் நினைத்தேன். உங்கள் பொய்யைக் காட்டுவதற்காகவே மாமியை எதிரே உட்கார வைத்தேன்.

"தூக்குங்க மாமி" என்றேன்.

"தூக்கிட்டேன் புள்ள."

"விளையாடாதீங்க. இன்னும் தூக்கல."

மாமியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு கைகளை மெல்ல முகத்துப் பக்கம் கொண்டுவந்தார்கள். காதுக்கு அருகே வந்தபோதுதான் எனக்குக் கரண்டி தெரிந்தது. அதுவரை இரண்டும் அந்தரத்திலேயே இருந்திருக்கின்றன.

கிராப் டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தலைக்குள் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. இடது இமை தானாக மூடிக்கொண்டது. பட்டாணி அளவுச் சுரப்பியாம். கர்ப்பத்தில் எல்லாருக்கும் கொஞ்சம் பெருக்குமாம். எனக்கு அதில் முன்பே ஒரு கட்டி இருந்திருக்கிறது, அதற்குள் ரத்தம் கசிந்து, மேலே போகும் கண் நரம்புகளை நெருக்கியிருக்கிறது. உடம்புக்கு வேண்டிய ஹார்மோன் நின்றுபோய் உப்பும் பிரஷரும் இறங்கிவிட்டன. முதலில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மூக்கு வழியாக ஆபரேஷன். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. வலதுபக்கம் தெளிந்துவிட்டது. இடதுபக்கம் இன்னும் மஃரிப் நேரத்து அந்தி வெளிச்சம் மாதிரி. மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாதாம், ஒருவேளை ஆயுசுக்கும்.

இதையும் சொல்ல வேண்டும். சேர்த்த அன்றைக்குப் பார்வை எப்போதிலிருந்து இப்படி என்று தமிழ் டாக்டரம்மா தேதி கேட்டார்கள். எனக்குத் தேதி எதுவும் நினைவில் இல்லை. உங்களுக்கு எழுதிய மெயிலில் இருந்தது, போனில் திறந்தேன். ஆனால் என்னால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை. "கொடு, நான் படிக்கிறேன்" என்றார்கள் மாமி. பூனை மாதிரி என்று எழுதியதை, இஞ்சித் தண்ணீரைப் பற்றி எழுதியதை, எல்லாவற்றையும் டாக்டர் முன்னால், நர்ஸ் முன்னால், ஒரு வரியும் விடாமல் உரக்கப் படித்தார்கள். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, "இது பதினாலாம் தேதி டாக்டர்" என்று தொடர்ந்தார்கள்.

அன்று சாயங்காலம், உங்களுக்கு அவர்கள் எழுதியதையும் நான் கேட்காமலே எனக்குப் படித்துக் காட்டினார்கள். "கணக்குச் சரி லா" என்றார்கள்.

மச்சான், பதினைந்தாம் தேதிக் கடிதத்தால்தான் நானும் ஐனாவும் வயிற்றில் இருப்பதும் உயிரோடு இருக்கிறோம். ஆனால் சாக்குதானா என்று கேட்ட ஒன்பதாம் தேதிக் கடிதமும் நீங்கள் எழுதியதுதான். ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. வரும், அவசரப்படுத்தாதீர்கள்.

இதுவரை மாமியைப் பற்றி நானும், என்னைப் பற்றி மாமியும் உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். இனி எழுத மாட்டோம். நீங்களும் எங்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டாம். ஒரே கடிதமாக எழுதுங்கள். யார் பெயரை முதலில் போடுவது என்று உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும்.

உங்கள்,
அஃப்ரீன்

(நான் சொல்லச் சொல்ல டைப் செய்தது: ஷரீஃபா, உங்கள் அம்மா)