ரோமத்துக்குள் மறைந்த எலும்பு

இஞ்சாருங்கோ,

சோறும் கறியும் உறியில் இருக்கிறது. நான் கனகம்மா வீட்டுப் பலாமரத்தில் ஆடுகளுக்குக் குழை வெட்டப் போகிறேன்.

நாங்கள் பார்க்கிற தோட்டத்துத் துரையின் செம்மறிகள் கொழுத்துவிட்டன என்று நேற்று என்னோடு சண்டை பிடித்தீர்கள். "ரோமத்தைப் பாரும், எவ்வளவு திரட்சி!" என்றீர்கள். இன்று விடிய மூத்த மறியாடு எழும்பவில்லை. ரோமத்துக்குள் கையை விட்டேன், முதுகெலும்பு முள்ளு முள்ளாய்த் தட்டுப்பட்டது. மாரி முழுக்க றப்பர் மரத்தடியில் ஈரப்புல் தின்று வயிறு நிரம்பியதே தவிர உடம்பில் ஒட்டவில்லை. அந்த ரோமமும் மழைக்கு முன்னம் வளர்ந்ததுதான். பிறகு வளரவேயில்லை.

மழை விடுமட்டும் ஆடுகளை அவிழ்த்து விடாதேயுங்கோ. தங்காவின் கடையிலிருந்து புண்ணாக்கு வரும், ஊறவைத்துக் கொடுங்கோ. துரை கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ.

அன்னலட்சுமி

பிற்குறிப்பு: எங்கள் பிள்ளை செத்த நாள் தொட்டு நீங்கள் வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றுவதில்லை. கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறீர்கள். நேற்றிரவு நீங்கள் நித்திரையாய்க் கிடக்கையில் கோட்டுக்குள் கையை விட்டு முதுகைத் தடவினேன். அதற்குப் பிறகுதான் மறியையும் தடவிப் பார்க்கத் தோன்றியது.

சாப்பிடுங்கோ. வந்து சட்டியைப் பார்க்க மாட்டேன், உங்கள் முதுகைத்தான் பார்ப்பேன்.