எண்பதில் வந்த நடுக்கம்

அக்கா,

இன்று காலை ஈஜிபுராவில் கம்பெனி வண்டிக்காக நின்றிருந்தபோது எதிர்ப் பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து ரப்பர் சொல்யூஷன் வாசனை வந்தது. கடைக்காரர் ஒரு காரின் முன்சக்கரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்திருந்தார். சக்கரம் இருந்த இடத்தில் ஐந்து போல்ட்டுகளோடு இரும்பு வட்டம் மட்டும் வெறுமனே தெரிந்தது. நான் திரும்பிக்கொண்டேன். நீ ஓட்டிய ரூட்டில் இப்போது ஓட்டும் அண்ணன் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் ஏறினேன். "இன்னா மேடம், இன்னும் தூக்கம் தெளியலியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த ஒன்பது நாட்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டி வேறு எதையும் எழுத முடியவில்லை. அதனால் அதையே எழுதிவிடுகிறேன்.

செங்கம் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய முதல் மாதம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பொம்மசந்திராவில் வேலை கிடைத்ததை ஊரே பேசியது. ஆனால் வண்டியில் கூட வரும் ஐந்து பேரிடம் 'குட் மார்னிங்' சொல்லக்கூட எனக்கு வாய் வராது. அதை நீ கண்ணாடியில் கவனித்திருக்கிறாய். நான்காம் நாள் முன்கதவைத் திறந்துவிட்டு, "இங்க வந்து குந்து. பின்னால குந்திக்கினு சீட்ட நகத்தால பிராண்டாத. புது வண்டி" என்றாய். நான் "சரிங்க, நீங்க சொன்னா" என்று தொடங்கியதும், "நீங்க கீங்கன்னா சில்க் போர்டுல எறக்கி உட்ருவேன்" என்றாய்.

வண்டிக்கு அப்போது ஐந்து மாதம். மஞ்சள் போர்டு, ஏழு பேர் உட்காரும் வண்டி, உன் பெயரில் பதிவான முதல் வண்டி. சீட்டின் பாலித்தீன் உறையைக்கூட நீ எடுக்கவில்லை. ஆஸ்டின் டவுனில் உன் தெருவில் பெண் ஓட்டும் ஒரே வண்டி அதுதான் என்று சொல்லும்போது மட்டும் உன் கழுத்து சற்று நிமிரும்.

அந்த வண்டியைப் பற்றி நான் போனில் சொல்லிக்கொண்டே இருந்ததால் அம்மா ஊர் முனீஸ்வரன் கோயிலிலிருந்து கறுப்புக் கயிறு அனுப்பினாள். ஏழு முடிச்சு போட்டு மந்திரித்தது, தீக்குச்சித் தடிமன் இருக்கும். அதை உன்னிடம் நீட்டினேன். நீ வாங்கிப் பார்த்தாய். "கண்ணு, எங்க வூட்ல இதெல்லாம் கெடையாது. எங்க தாத்தாவே சாமி, பூதம், திருஷ்டி எல்லாத்தையும் எறக்கி வெச்சிட்டு புத்தர்கிட்ட போனவரு. அம்மாவுக்கு நான் தேங்ஸ் சொன்னேன்னு சொல்லு" என்று என் உள்ளங்கையில் திருப்பி வைத்து, விரல்களை நீயே மடக்கிவிட்டாய். கோபம் இல்லை. ஆனால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்பது தெளிவாக இருந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு தண்ணீர் லாரி உன் இடது கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. மறுநாளே முன்பக்க இடது சக்கரத்தில் ஆணி. மற்றவர்களை ஏற்றுவதற்கு முன்னால் நாம் இருவரும் மட்டும் அந்தப் பஞ்சர் கடையில் நின்றோம். நீ டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசரிடம் போனில், பத்து நிமிடம் தாமதம் என்று கன்னடத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாய். கடைக்காரர் டயரைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோயிருந்தார். கயிறு என் பையில் இருந்தது. இரண்டு போல்ட்டுகளைச் சுற்றி, அந்த இரும்பு வட்டத்தின் குறுக்காகக் கட்டி இறுக்கினேன். மேலே சக்கரம் வந்துவிடும், உன் கண்ணில் படாது, உன் கொள்கைக்கு ஒரு குறையும் வராது என்று நினைத்தேன். அரை நிமிட வேலை. கடைக்காரர் வந்து சக்கரத்தை ஏற்றி முறுக்கினார். கறுப்பு இரும்பில் கறுப்புக் கயிறு அவர் கண்ணில் படவில்லை.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். பாகங்களை அளவு பார்க்கும் பிரிவு. 'வைக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள், ஒரு தலைமுடி இருந்தாலும் அளவு மாறும்' என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறவள் நான். சக்கரமும் ஒன்றின்மேல் உட்காரும் பொருள்தான் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் நாள் ஓசூர் ரோட்டு மேம்பாலத்தில் ஸ்பீடாமீட்டர் எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. எழுபதுக்கு வந்தால் நின்றது. எண்பதில் மறுபடி. "இன்னாடி இது பேஜாரு" என்றாய். சர்வீஸ் சென்டருக்குப் போனாய். சக்கரங்களை மெஷினில் சுற்றி, பேலன்சிங் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மறுபடி எண்பது, மறுபடி நடுக்கம்.

அடுத்த முறை சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். "நீ இன்ஜினியர், இங்கிலீஷ்ல ரெண்டு போடு. நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கறான்." முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டார்கள். நீ ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சார், இன்னூ எம்பத்தரல்லி ஷேக் ஆகுத்தெ" என்று கன்னடத்தில் சொன்னாய், எண்பதில் இன்னும் நடுங்குகிறது என்று. அப்போது நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காபிக் கோப்பையோடு நின்றிருந்தேன். சக்கரம் மாறிவிட்டது, நடுக்கம் மாறவில்லை. அப்படியென்றால் குற்றம் சக்கரத்தில் இல்லை, சக்கரம் உட்காரும் இடத்தில். நசுங்கி இரும்போடு ஒட்டிப்போன கறுப்புக் கயிறு இங்கேயும் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அங்கே இருந்த சர்வீஸ் அட்வைசர் தானே ஓட்டிப் பார்த்தார். கோரமங்களா நெரிசலில் நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். திரும்பி வந்து உன்னை விட்டுவிட்டு என்னிடம் பேசினார். "வண்டி பர்ஃபெக்ட் மேடம். சில லேடி டிரைவர்ஸ் ஸ்டீயரிங்க ரொம்ப டைட்டா பிடிப்பாங்க. கை டயர்ட் ஆகி கையே ஷேக் ஆகும். நீங்க பக்கத்துல உக்காறீங்க, நீங்களே சொல்லுங்க."

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். அவர் படிவத்தில் 'குறை இல்லை' என்று எழுதினார்.

வெளியே வந்து வண்டியில் ஏறி, ஸ்டீயரிங்மீது கைகளை விரித்து வைத்தாய். பிறகு, "எங்கப்பாவுக்கு நாப்பதுலயே கை நடுங்க ஆரம்பிச்சிது, தெரியுமா?" என்றாய். கடைசி வருடங்களில் அவருக்கு உன் அம்மாதான் சோறு ஊட்டினாள் என்றாய். உனக்கு அப்போது முப்பத்திரண்டு.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் பார்த்ததையெல்லாம் உன்னிடம் சொன்னதில்லை. டீக்கடையில் கண்ணாடி டம்ளரை நீட்டிப் பிடித்து, விளிம்பில் டீ அசைகிறதா என்று பார்ப்பாய். சிக்னலில் இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொள்வாய். செவ்வாய்க்கிழமை ஏதோ ஆஸ்பத்திரிச் சீட்டு டேஷ்போர்டில் இருந்தது. கேட்டேன். "சும்மா, நரம்பு டாக்டரு" என்றாய். அன்று மாலை சூப்பர்வைசர் உன்னைத் தனியே அழைத்து, பின்னால் உட்காருகிறவர்கள் பயப்படுகிறார்கள், சனிக்கிழமை முதல் இந்த ரூட்டுக்கு வேறு வண்டி என்று சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு காலையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். ஈஜிபுராவில் ஏறும்போது வாக்கியம் தயாராக இருக்கும். சில்க் போர்டு வருவதற்குள் கரைந்துவிடும். உன் வீட்டில் மூன்று தலைமுறையாக வேண்டாம் என்று வைத்த ஒன்றை, உனக்கென்று இருந்த ஒரே பொருளுக்குள் உனக்குத் தெரியாமல் திணித்திருக்கிறேன். இதைச் சொன்னால் இந்த நகரத்தில் என்னோடு பேசும் ஒரே ஆளும் போய்விடுவாள் என்று பயந்தேன். இதுதான் காரணம். இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

வியாழக்கிழமை. மேம்பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம். எழுபதிலேயே நடுக்கம் தொடங்கியது. அறுபதுக்கு இறக்கினாய், நிற்கவில்லை. இடது பக்கத்திலிருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. பின்சீட்டில் பேச்சு நின்றது. யாரோ, "மேடம், ஓரமா நிறுத்துங்க" என்றார். அங்கே நிறுத்த ஓரம் ஏது? பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி விளக்கடித்துக்கொண்டே வந்தது. உன் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. நீ ரோட்டைப் பார்க்காமல் ஒரு கணம் உன் கைகளைப் பார்த்தாய்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, உன் கை இல்ல. முன்னால லெஃப்ட் வீலு. நட்டு லூசாகியிருக்கும்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"அம்மா அனுப்பின கயித்த நான்தான் உள்ள கட்டினேன். பஞ்சர் போட்ட அன்னிக்கு."

நீ என் பக்கம் திரும்பவில்லை. நான்கு விளக்குகளையும் சிமிட்டவிட்டு, இடது ஓரத்துக்கு வந்து, வேகத்தை இருபதுக்குக் கொண்டுவந்தாய். "யாரும் பேசாதீங்க" என்று மட்டும் சொன்னாய். பாலம் இறங்கும் வரை அப்படியே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நம்மைக் கடந்து போன ஒவ்வொரு லாரியும் வண்டியை ஒரு முறை அசைத்துவிட்டுப் போனது.

கீழே இறங்கி நிறுத்தியதும் ஸ்பேனரை எடுத்தாய். ஐந்து நட்டுகளில் இரண்டு வெறும் கையால் சுழன்றன. மூன்றாவதும் அரைகுறைதான். ஜாக்கி போட்டு, சக்கரத்தை இழுத்தாய். கயிறு நசுங்கித் தார்போல ஒட்டிக்கிடந்தது, முடிச்சுகள் மட்டும் மேடு மேடாக. அவற்றின்மேல் சக்கரம் சரியாகப் படியாமல்தான் நட்டுகள் தளர்ந்திருந்தன. சாவியால் சுரண்டி எடுத்தாய். துப்பட்டாவின் நுனியால் அந்த இடத்தைத் துடைத்தாய், ஒரு தடவை, இரண்டு தடவை. பின்னால் வந்தவர்கள் ஐந்து பேரும் நடைபாதையில் நின்று பார்த்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சக்கரத்தை ஏற்றி முறுக்கிவிட்டு மீண்டும் ஓட்டியபோது, காலியான நேர்ரோட்டில் எண்பதைத் தொட்டாய். ஒன்றும் இல்லை. பிடியைத் தளர்த்தி, ஸ்டீயரிங்மீது உள்ளங்கைகளை மட்டும் வைத்தாய். அப்போதும் ஒன்றும் இல்லை. உன் கன்னத்தில் கண்ணீர் இறங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு சொன்னாய். "கயிறு கட்டினதுக்கு கோவம் இல்லடி. அது உன் புத்தி, உங்கம்மா பாசம், போவட்டும். நான் டம்ளர தூக்கித் தூக்கிப் பாத்துக்கினு இருந்தேனே, பக்கத்துல குந்திக்கினு வேடிக்கை பாத்தியே. அதான்."

அன்று மதியமே பின்சீட்டுக்காரர் ஒருவர் சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொல்லி, ரூட் உன்னிடமே நின்றது. நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் தாமதித்துவிட்டேன்.

ஒரு மாதம் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ வரச்சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை முன்கதவு திறந்தது. "முன்னால வா. பின்னால குந்தினா உன் மூஞ்சி கண்ணாடில தெரியுது, சகிக்கல." ஏறினேன். அன்று சீட்டின் பாலித்தீன் உறை கிழிக்கப்பட்டிருந்தது.

பிறகு உனக்கு வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். குளிரில் உன் கை நடுங்கிக்கொண்டிருந்தது, ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. போர்வைக்குள் வைக்கப் போனேன். நீ கையை இழுத்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாய். "இப்ப நெஜமாவே நடுங்குது பாரு. இதுக்குள்ளயும் எதுனா கட்டிட்டியா?" உன் அம்மா என்ன என்று கேட்டார். நாம் இருவரும் சிரித்தோம். உன்னோடு நான் கடைசியாகச் சிரித்தது அது.

போன வாரம் எங்கள் லைனில் வேலை செய்யும் ஒரு அம்மா, செவ்வாய்க்கிழமையிலிருந்து பாகம் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது என்றார். இருபது பேர் நிற்கும் காலைக் கூட்டத்தில் எங்கள் இன்சார்ஜ், "பதினஞ்சு வருஷமா அதே மெஷின். உங்க கைக்கு வயசாயிடுச்சு" என்றார். சிலர் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை அந்த மெஷினில் பாகம் உட்காரும் தாங்கியை அரைச்சுற்று மாற்றி வைத்தது யார் என்று நினைத்துப் பார்த்தேன். நான்தான். என் கடைசி வரிசையிலிருந்து முன்னால் வந்தேன்.

"அவங்க கையில ஒண்ணும் இல்ல சார். அது நான் மாத்தினது."

சர்வீஸ் சென்டரில் அந்தக் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது. வேறொருவருக்காகத்தான் சொல்ல முடிந்தது. என் குரல் பிசிறியது, ஆனால் கடைசி வரைக்கும் எல்லோருக்கும் கேட்டது. அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. தன் இரண்டு கைகளையும் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு மெஷினுக்குப் போனார்.